மூன்று வேளை கறந்தால் பால் கூடுமா?

கேள்வி: என் கலப்பின ஜெர்சி மாடு கன்று ஈன்று 20 நாள் ஆகிறது. காலை 5, மாலை 3 என இரு வேளையில் 14 லிட்டர் தருகிறது. இடையில் இன்னொரு முறை கறந்தால் பால் கூடும் என்கிறார்களே, கறக்கலாமா?
– வாசகர், நாமக்கல் மாவட்டம்

பதில்: கூடும். இரு வேளைக் கறவையை மூன்றாக்கினால் பொதுவாக 10 முதல் 20 சதவீதம் வரை பால் ஏறும். உங்கள் மாட்டுக்கு ஒன்றரை முதல் இரண்டரை லிட்டர் எதிர்பார்க்கலாம். மடியில் பால் தேங்கத் தேங்கச் சுரப்பு மந்தமாகும். அடிக்கடி இறக்கினால் அந்தத் தடை விலகும். கன்று ஈன்ற முதல் சில வாரங்களில்தான் பலன் அதிகம்.

ஆனால் காலை 10 மணிக்கு ஒரு கறவையைச் செருகிப் பயனில்லை. பால் தேங்கிக் கிடப்பது மாலை 3 முதல் காலை 5 வரையுள்ள 14 மணி நேரத்தில்தான். காலை 5, பகல் 1, இரவு 9 என எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கறந்தால்தான் பலன். இரவு 9 மணிப் பாலை நம் வெயிலில் காலை பால் சொசைட்டி திறக்கும்வரை வெளியே வைத்தால் திரிந்துவிடும். குளிர்விக்க வசதி இல்லையென்றால் இரு வேளையே போதும்.

கூடும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ அடர்தீவனம் கூட்டுங்கள்; தண்ணீர் எந்நேரமும் முன்னால் இருக்கட்டும். தீவனம் போடாமல் கறவையை மட்டும் கூட்டினால் மாடு இளைக்கும், சினைப்பருவம் தள்ளிப்போகும்.

எத்தனை வேளை கறந்தாலும் ஒட்டக் கறக்க வேண்டும். காம்பைக் கழுவித் துடைத்து, முதல் இரண்டு மூன்று பீச்சலைத் தனிக் கிண்ணத்தில் விட்டுத் திரிதிரியாக வருகிறதா பாருங்கள், வந்தால் மடிநோய். காம்பைத் தொட்ட ஒரு நிமிடத்தில் பால் இறங்கும். அந்த வேகம் ஐந்து முதல் ஏழு நிமிடம்தான் நிற்கும், அதற்குள் முடியுங்கள். அதட்டினாலோ அடித்தாலோ மாடு பாலை அடக்கிக்கொள்ளும். அதற்காக ஆக்சிடோசின் ஊசி போடவே போடாதீர்கள்.

கேள்வி: மாலைப் பால் அளவு குறைவு, கொழுப்பு மட்டும் கூடுதலாகக் காட்டுகிறது. ஏன்?
– வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: காலைக் கறவைக்கும் மாலைக் கறவைக்கும் இடைப்பட்ட பகல் இடைவெளி இரவைவிடக் குறைவு என்பதே காரணம். கொழுப்பு குறையாமல் இருக்க இன்னொன்றையும் கவனியுங்கள்: கடைசியில் வரும் பாலில்தான் கொழுப்பு மிகுதி. கறந்து முடித்தபின் கன்றை ஊட்டவிட்டால் அந்தப் பால் சொசைட்டிக்குப் போகாது. தொடக்கத்தில் ஊட்டவிடுங்கள், அல்லது ஒரு காம்பைக் கன்றுக்கென ஒதுக்குங்கள்.