பழைய சொகுசு கார் வாங்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2014 மாடல் பிஎம்டபிள்யூ 320டி, 82,000 கி.மீ. ஓடியது, இரண்டாவது ஓனர். 11 லட்சம் கேட்கிறார்கள். இந்தப் பணத்துக்குப் புதிதாக ஒரு சின்ன எஸ்யூவியே வந்துவிடும். எதை வாங்குவது? – வாசகர், கோவை

பதில்: செலவு மட்டும்தான் கணக்கு என்றால் புது வண்டி. அதில் மறுபேச்சே இல்லை. இந்த 320டி புதிதில் 35 லட்சத்துக்கு மேல் விற்றது. பத்து வருடத்தில் வண்டி விலை இறங்கிவிட்டது, உதிரிபாகங்களின் விலை இறங்கவில்லை. நீங்கள் கொடுப்பது 11 லட்சம், பராமரிக்கப்போவது 35 லட்சம் ரூபாய் வண்டியை. இது தெரிந்தும் ஓட்டும் சுகத்துக்காக வாங்குகிறீர்கள் என்றால், பார்க்க வேண்டியவை இவை.

முதலில் இன்ஜின். அந்த வருட 320டி-யில் இருப்பது என்47 என்ற 2 லிட்டர் டீசல். இதன் டைமிங் செயின் (வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் சங்கிலி) இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் தளர்ந்தாலோ அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடு தேய்ந்தாலோ, கியர்பாக்ஸை இறக்காமல் கை வைக்க முடியாது. பாகத்தை விடக் கூலி அதிகம் என்பதால் மொத்தம் ஒன்றரை லட்சத்தைத் தாண்டலாம். செயின் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி இன்ஜினே போய்விடும். 2011-க்கு முன் வந்த என்47-களில்தான் இந்தத் தொல்லை அதிகம். உங்கள் வண்டியில் இருப்பது திருத்திய செயின். ஆனாலும் ஆயில் மாற்றுவதை இழுத்தடித்த வண்டியில் அதையும் நம்ப முடியாது.

இதைக் கண்டுபிடிக்கக் காலையில் போய்ப் பாருங்கள், முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடலாம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, பானட்டைத் திறந்து, முன்கண்ணாடிப் பக்கமாகக் காது கொடுங்கள். ஐட்லிங்கிலும், 1,500 முதல் 2,000 ஆர்பிஎம் வரை மெதுவாக ஏற்றும்போதும், இரும்பில் இரும்பு உரசும் சத்தம் பின்பக்கமிருந்து வந்தால் பேரம் பேசக்கூட நிற்க வேண்டாம்.

அடுத்து இஜிஆர் கூலர், அதாவது புகையில் ஒரு பகுதியைக் குளிரவைத்து மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் பாகம். இதற்குள் கூலன்ட் கசிந்து, கரியோடு கலந்து, புகைச்சூட்டில் பற்றிக்கொண்டு இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டையே உருக்கிய சம்பவங்களால் 2018-இல் பிஎம்டபிள்யூ பல நாடுகளில் டீசல் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. சேஸி எண்ணைக் கொடுத்தால், அந்த வண்டிக்கு ரீகால் உண்டா, வேலை முடிந்ததா என்று ஷோரூமிலேயே சொல்லிவிடுவார்கள். கூலன்ட் அடிக்கடி குறைகிறது, வெளியே சொட்டுக் கசிவும் இல்லை என்றால் முதல் சந்தேகம் இந்தக் கூலர் மேல்தான் விழ வேண்டும்.

கியர்பாக்ஸ்தான் இந்த வண்டியின் பெரிய பலம். இசட்எஃப் நிறுவனத்தின் 8 கியர் ஆட்டோமேட்டிக். ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம் என்று கார் கம்பெனி சொல்லும். கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப்போ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. செய்தவன் பேச்சைக் கேளுங்கள். 82,000-த்தில் நிற்கும் உங்கள் வண்டிக்கு இது வாங்கிய மாதமே செய்ய வேண்டிய வேலை. ஆயில் பேனும் ஃபில்டரும் ஒரே பிளாஸ்டிக் துண்டு, இரண்டும் சேர்ந்தே மாறும். அளவு பார்க்கும்போது இன்ஜின் ஓட வேண்டும், கியர்பாக்ஸ் ஆயிலின் சூடு 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்க வேண்டும், அதையும் ஸ்கேனரில் பார்க்க வேண்டும். குத்துமதிப்பாக ஊற்றிவிட்டு மூடும் கடையில் விட்டால் நல்ல கியர்பாக்ஸும் உதறத் தொடங்கும்.

மற்றவை எல்லாம் தேய்மானம். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கன்ட்ரோல் ஆர்மின் திரவம் நிரப்பிய ரப்பர் புஷ் கிழிந்தால், வேகத்தில் பிரேக் மிதிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கும். நம் ஊர்ப் பள்ளங்களுக்கு அது சீக்கிரமே கிழியும். ரன்ஃபிளாட் டயர் (பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடியது) ஒன்று சுமார் 15,000 முதல் 25,000 ரூபாய். நான்கின் நிலையும் முக்கியம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். ஐந்து வருடத்தைத் தாண்டிய டயர் என்றால் அந்தத் தொகையை விலையில் கழித்துக் கேளுங்கள்.

கிலோமீட்டரைக் குறைத்திருக்கிறார்களா என்பதற்கு மீட்டரைப் பார்த்துப் பயனில்லை. ஓடிய தூரம் சாவியிலும் வண்டியின் வேறு கன்ட்ரோல் யூனிட்களிலும் (சின்னக் கணினிகள்) பதிவாகியிருக்கும். பிஎம்டபிள்யூவுக்கான முழு ஸ்கேனர் உள்ள இடத்தில் இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிழைக் குறியீடு படிக்கும் ஆயிரம் ரூபாய் ஓபிடி கருவியால் இது முடியாது.

சர்வீஸ் ரசீது முழுதாக இருந்து, இவை எல்லாம் தேறினால் வாங்கலாம். கையில் 11 லட்சம்தான் இருக்கிறது என்றால் 9 லட்சத்து வண்டியைத் தேடுங்கள், மீதியைத் தொடாமல் முதல் வருடத்துக்கு வையுங்கள்.

கேள்வி: ஷோரூம் சர்வீஸ் கட்டுப்படியாகவில்லை. வெளியே விட்டால் வண்டி கெட்டுவிடுமா? – வாசகர், ஈரோடு

பதில்: ஆள் தெரிந்த வொர்க் ஷாப் என்றால் கெடாது. கார் கம்பெனி பெட்டியில் வரும் பாகங்களில் பலவற்றைச் செய்வது வேறு நிறுவனங்கள்தான்: சஸ்பென்ஷனில் லெம்ஃபோர்டர், ஷாக் அப்சார்பரில் சாக்ஸ், பில்ஸ்டைன், ஃபில்டரில் மான், மாலே, மின்பாகங்களில் போஷ். அதே பாகம் அவர்கள் சொந்தப் பெட்டியில் வாங்கினால் விலை கணிசமாகக் குறையும். பெயர் தெரியாத மலிவு சரக்கு வேறு, இது வேறு. ரசீதில் பாக எண்ணை எழுதி வாங்குங்கள்.

இன்ஜின் ஆயிலில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். கேனின் பின்புறம் பிஎம்டபிள்யூ டீசலுக்கு லாங்லைஃப்-04, பென்ஸ் டீசலுக்கு 229.51 அல்லது 229.52 என்ற அங்கீகாரம் அச்சாகியிருக்க வேண்டும். 5டபிள்யூ-30 என்பது வெறும் கெட்டித்தன்மை, அது போதாது. திரை காட்டும் கெடு எதுவானாலும் 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அதில் மாற்றுங்கள்.

பேட்டரி மாற்றும்போதும் ஒன்று. பிஎம்டபிள்யூவில் புது பேட்டரியைக் கணினியில் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் வண்டி பழைய, களைத்த பேட்டரிக்குப் போடும் சார்ஜையே புதியதற்கும் போட்டு அதன் ஆயுளைக் குறைத்துவிடும். ஏஜிஎம் (கண்ணாடி இழை விரிப்பில் அமிலத்தை உறிஞ்சி வைத்த பேட்டரி) இருந்த இடத்தில் சாதாரண பேட்டரியும் வைக்கக் கூடாது.

கேள்வி: வெள்ளத்தில் மூழ்கிய காரைப் பாலிஷ் போட்டு விற்கிறார்களாமே, எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகி, வேளச்சேரி

பதில்: சென்னையில் 2015 டிசம்பர், 2023 டிசம்பர் என்ற இரண்டு மாதங்களை மனதில் வைத்து ரசீதுகளைப் புரட்டுங்கள். அந்த மாதங்களையொட்டி பெரிய பில் இருந்தாலும் சந்தேகம், அதற்குப் பின் சர்வீஸ் வரலாறே அறுந்து போயிருந்தாலும் சந்தேகம்.

வண்டியில் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். சுருளுக்குள் இருந்த பகுதியில் சேற்றுக்கோடு இருந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை வந்திருக்கிறது. இருக்கையை முன்னும் பின்னும் தள்ளி, தரையோடு பிடிக்கும் போல்ட்டில் துரு பாருங்கள். கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் உள்ள ஸ்பாஞ்சை அழுத்துங்கள். மேலே காய்ந்திருந்தாலும் அது மாதக்கணக்கில் ஈரம் பிடித்து வைத்திருக்கும். டிக்கித் தரையையும் திறந்து பாருங்கள்.

இந்த வகை கார்களில் வெள்ளம் ஏன் இவ்வளவு ஆபத்து என்றால், வயரிங்கும் இணைப்புகளும் பல கன்ட்ரோல் யூனிட்களும் கார்ப்பெட்டுக்கு அடியிலும் இருக்கைக்குக் கீழும் டிக்கி ஓரத்திலும் ஓடுகின்றன. உள்ளே புகுந்த தண்ணீர் உடனே கொல்லாது. செம்பு மெல்லப் பச்சை பூத்து, ஆறு மாதம் கழித்து ஒரு நாள் ஜன்னல் இறங்காது, மறுநாள் ஏர்பேக் விளக்கு எரியும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத யூனிட்கள் ஒரே கிலோமீட்டரில் பிழை பதிவு செய்திருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: டெல்லியில் 2016 பென்ஸ் சி கிளாஸ் டீசல் இங்குள்ளதை விட நான்கு லட்சம் குறைவு. வாங்கி வரலாமா? – வாசகர், மதுரை

பதில்: அங்கே விலை குறைவதற்குக் காரணம் வண்டி அல்ல. டெல்லிப் பகுதியில் 10 வருடம் தாண்டிய டீசலுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட தடையை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. அதன் பிறகு அங்கே வயதான டீசல்களைக் கழித்துவிடும் அவசரம் வந்துவிட்டது. வண்டி நன்றாகவே இருக்கலாம்.

ஆனால் அந்த நான்கு லட்சம் உங்களிடம் நிற்குமா என்று பாருங்கள். படிவம் 28-இல் என்ஓசி, 29, 30-இல் பெயர் மாற்றம், கடன் இருந்திருந்தால் படிவம் 35. பிறகு தமிழ்நாட்டில் ஆயுள் வரி. புது கார்களுக்கே 20 லட்சத்துக்கு மேல் என்றால் 2023 நவம்பர் முதல் 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதுக்கேற்பக் குறையும். பணம் கொடுக்கும் முன்பே உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சி நகலைக் காட்டி எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். டெல்லியில் கட்டிய வரியில் மீதக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அதைக் கையில் வந்த பணமாக எண்ண வேண்டாம். டெல்லி நம்பரிலேயே ஓட்டலாம் என்றும் யோசிக்காதீர்கள். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். லாரிக்கூலியும் சேர்த்துக் கூட்டிப் பார்த்து, மிச்சம் ஒரு லட்சத்துக்குள் என்றால் உள்ளூரில் வரலாறு தெரிந்த வண்டியே மேல்.

கேள்வி: எட்டு வருட ஆடி காருக்கு முழு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. பயப்பட வேண்டியதில்லையே? – வாசகர், திருச்சி

பதில்: பாலிசியில் ஐடிவி, அதாவது வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி போட்டிருக்கும் மதிப்பு, எவ்வளவு என்று பாருங்கள். 5 முதல் 10 வருட வண்டிக்கு உலோகப் பாகங்களில் 40 சதவீதமும், பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரியில் 50 சதவீதமும் தேய்மானமாகக் கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவில்லை. பம்பரும் ஹெட்லைட்டும் பிளாஸ்டிக் கணக்கில் வருவதால் முன்பக்கம் சின்னதாக இடித்தாலே பாதி உங்கள் பையிலிருந்துதான். பழுதுச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழுச் சேதமாக எழுதிவிடுவார்கள். பாகம் விலை உயர்ந்த பழைய காரில் இது நினைப்பதை விடச் சீக்கிரம் நடக்கும், ஏர்பேக் வெடித்தாலே போதும்.

விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) அவரோடு போய்விடும். பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற, வண்டி கைமாறியதிலிருந்து 14 நாள் அவகாசம்.

கேள்வி: ஏர் சஸ்பென்ஷன் உள்ள பென்ஸ். காலையில் பார்த்தால் ஒரு மூலை இறங்கி நிற்கிறது, ஸ்டார்ட் செய்ததும் எழுந்துவிடுகிறது. விற்பவர் ‘அது அப்படித்தான்’ என்கிறார். – வாசகர், சேலம்

பதில்: அப்படியில்லை, அந்த மூலையில் காற்று கசிகிறது. சோப்புத் தண்ணீர் தெளித்தால் ரப்பர் பையிலோ குழாய் இணைப்பிலோ குமிழி வரும். இப்படியே ஓட்டினால் இறங்கியதை ஏற்றக் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதுவும் எரியும். பலர் எரிந்த கம்ப்ரஸரை மட்டும் மாற்றுவார்கள், சில மாதத்தில் புதியதும் போகும். முதலில் கசியும் பை, பிறகு கம்ப்ரஸர், அதனோடு அதற்கு மின்சாரம் விடும் ரிலேயும். இரண்டு செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள்.

கேள்வி: ஜெர்மன் கார் இந்தப் பாடு என்றால், பழைய லெக்ஸஸ் இஎஸ் 300எச் எப்படி? – வாசகி, நாகர்கோவில்

பதில்: இயந்திரத்தைப் பொறுத்தவரை நிம்மதி. இதன் ஹைப்ரிட் அமைப்பு டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட்டின் உறவு. கியர்பாக்ஸில் தேயும் பெல்ட்டோ கிளட்ச்சோ இல்லை, பல்சக்கரங்களும் மோட்டார்களும்தான். ஹைப்ரிட் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பின் இருக்கைப் பக்கம் உள்ள துளை வழியாகப் போகிறது. அதைத் துணி, பை வைத்து மறைக்கக் கூடாது. அங்குள்ள வலையைச் சுத்தம் செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பேட்டரி சோதனை அறிக்கை இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

சிக்கல் தூரத்தில் இருக்கிறது. லெக்ஸஸ் இந்தியாவுக்கு வந்ததே 2017-இல், சர்வீஸ் மையங்கள் பெருநகரங்களில்தான். நாகர்கோவிலில் இருப்பவருக்கு அதே அமைப்புள்ள கேம்ரி ஹைப்ரிட் இன்னும் பொருத்தம்: 2013-இலிருந்து இங்கே விற்கிறது, டொயோட்டா ஷோரூமிலேயே பார்த்துக்கொள்வார்கள். பின்சீட் வசதியிலும் பெரிதாகக் குறை சொல்ல முடியாது.