ஒரே அளவு போல்ட்டு, வேறு வேறு மரை

கேள்வி: நேட்டோ போன்ற கூட்டணிகளில் பல நாட்டுப் படைகள் சேர்ந்து களத்தில் இறங்கும்போது, எரிபொருளையும் குண்டுகளையும் உதிரி பாகங்களையும் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வது ஏன் இன்னமும் சிக்கலாக இருக்கிறது? அதைச் சீராக்க என்ன வழி?
– வாசகர், சேலம்

பதில்: இரண்டாம் உலகப் போர்க்காலத்து அரை அங்குல போல்ட்டு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். பிரிட்டிஷ் முறைப்படி செய்த போல்ட்டில் ஓர் அங்குல நீளத்துக்கு 12 மரைகள், அவற்றின் கோணம் 55 டிகிரி. அமெரிக்க முறையில் 13 மரைகள், 60 டிகிரி. கையில் வாங்கிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒன்றின் நட்டை மற்றொன்றில் ஏற்றினாலோ சில சுற்றுகளிலேயே இறுகி நின்றுவிடும். ஒரே எதிரியை எதிர்த்துத் தோளோடு தோள் நின்று போரிட்ட இரு படைகளும் இத்தனை சிறிய பொருளைக்கூடத் தனித்தனியே கடல் கடந்து கொண்டுவந்து, தனித்தனியே இருப்பு வைக்க வேண்டியிருந்தது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று நாடுகளும் பொது மரை அளவுக்கு உடன்பட்டது 1948-இல்தான். அதற்குள் போர் முடிந்து மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன.

மறு ஆண்டு உருவான நேட்டோ, இந்த அனுபவத்திலிருந்து நிறையவே கற்றுக்கொண்டது. விமானங்களுக்கும் தரைப்படையின் டீசல் வண்டிகளுக்கும் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த ஒரே எரிபொருளைப் பயன்படுத்தும் கொள்கையை அது வகுத்ததால், விமானத் தளத்துக்குப் புறப்பட்ட டேங்கர் லாரி வழியில் நிற்கும் நேச நாட்டு ராணுவ வண்டிக்கும் நிரப்பிக் கொடுக்க முடிகிறது. கணக்குத் தீர்ப்பதற்கும் வழி உண்டு: வாங்கியதற்குப் பணமாகத் தரலாம், அதே பொருளைத் திருப்பித் தரலாம், அல்லது ஈடான மதிப்புள்ள வேறொன்றைத் தரலாம். பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கும் நம் வழக்கம்தான் இது. ஆனால் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்டது. இந்தியாவும் அமெரிக்காவோடு 2016-இல் இத்தகைய தளவாட ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டது.

இன்னமும் தீராத சிக்கல் பீரங்கிக் குண்டில் இருக்கிறது. 155 மில்லிமீட்டர் என்ற விட்டம் நேட்டோவின் பொதுத் தரம். ஆயினும் ஒரு நாட்டின் குண்டை இன்னொரு நாட்டின் பீரங்கியில் ஏற்றிக் குறி தவறாமல் சுட வேண்டுமானால், அக்குண்டின் எடைக்கும் வடிவத்துக்கும் உந்துமருந்துக்கும் ஏற்ற சுடுகணக்கு, அதாவது எவ்வளவு தூரத்துக்கு எந்தக் கோணத்தில் சுட வேண்டும் என்ற கணக்கு, அந்தப் பீரங்கியின் கணினியில் இருந்தாக வேண்டும். பாதுகாப்புச் சோதனையும் முன்பே நடந்திருக்க வேண்டும். உக்ரைனுக்குப் பல நாடுகளிலிருந்து குண்டுகள் குவிந்தபோது இந்த வேறுபாடு எல்லோருக்கும் தெரியவந்தது. நேட்டோ தரங்களை ஏற்பதும், சில பகுதிகளை விலக்கிவைத்து ஏற்பதும் அந்தந்த நாட்டின் விருப்பம் என்பதோடு, தத்தம் தொழிற்சாலைகளைக் காத்துக்கொள்ளும் எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. ஒரு நாட்டின் குண்டை மற்ற நாடுகளின் பீரங்கிகளில் சுட்டுப் பார்க்கும் கூட்டுச் சோதனைகளை அமைதிக் காலத்திலேயே கட்டாயமாக்கி, அதில் கிடைக்கும் சுடுகணக்கைக் கூட்டணிக்கே பொதுவாக்குவதுதான் முதலில் செய்ய வேண்டிய வேலை என்று உறுதியாகக் கருதுகிறேன். புதிய கிடங்குகளும் கப்பல்களும் அதற்குப் பிறகு வரட்டும்.