செஞ்சியைப் பார்த்தவர்களுக்குக் கோல சிலாங்கூர் கோட்டை தேறுமா?

கேள்வி கேட்டவர் திருவண்ணாமலைக்காரர். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தைக்கு வருகிறார். கல்யாணத்துக்கு மறுநாள் அவர்களுக்கு வேலை எதுவும் இல்லை. பக்கத்தில் கோல சிலாங்கூரில் சுல்தான்களின் கோட்டை ஒன்று இருப்பதாகப் படித்திருக்கிறார். செஞ்சியும் வேலூரும் பார்த்த கண்ணுக்கு அது தேறுமா, மூட்டு வலிக்கார மாமியாரையும் பிள்ளைகளையும் அழைத்துப் போகலாமா என்று கேட்கிறார்.

நான் இந்த ஊர்க்காரன். ஊருக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர், ஆனால் உங்கள் சொந்தக்காரர்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்வார்கள். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்த எங்களுக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலா என்றால் அந்தக் கோட்டை இருக்கும் புக்கிட் மெலாவத்தி மலைதான். வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் அங்கேதான் கூட்டிப்போவோம். அதனால் தைரியமாகவே பதில் சொல்கிறேன்: போங்கள்.

ஏமாற்றம் தரக்கூடியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையைச் சுற்றி வளைத்த மதில் இங்கே கிடையாது. கல்யாண மகால் கிடையாது, களஞ்சியம் கிடையாது, வேலூர் மாதிரி அகழியும் கிடையாது. மிஞ்சியிருப்பது சுவரின் சில துண்டுகளும் கடலைப் பார்த்து வரிசையாக நிற்கும் பீரங்கிகளும்தான். மலையும் சின்னது, பெரிய மரங்கள் நிழல் போட்டிருப்பதால் பூங்காவுக்குள் நடப்பது போலத்தான் இருக்கும். "கோட்டை எங்கே?" என்று கேட்டுக்கொண்டே ஒரு சுற்று சுற்றிவிட்டு, குரங்கோடு நாலு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுபவர்கள் நிறைய.

நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். மேலே போனதும் நேராகப் பீரங்கி வரிசைக்குப் போய், அவை எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கவனியுங்கள். கீழே அலையாத்திக் காடு, அதற்கு அப்பால் மலாக்கா நீரிணை, பக்கவாட்டில் சிலாங்கூர் ஆறு கடலில் சேரும் இடம். இந்த மலையின் வேலையே அந்த ஆற்று வாயைக் காவல் காப்பதுதான். ரோடு இல்லாத அந்தக் காலத்தில் உள்நாட்டு ஈயம் ஆற்று வழியாகத்தான் வெளியே வர வேண்டும். வாயில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவருக்குத்தான் வரி. தமிழ்நாட்டில் கோட்டை என்றால் நெல்லும் தலைநகரும் நினைவுக்கு வரும். மலாய்க்காரர்களின் அரசுகளோ பெரும்பாலும் ஆற்று வாயில் முளைத்தவை. இதை மனதில் வைத்துக்கொண்டு அங்கே பத்து நிமிஷம் நின்றால் போதும், சுவர் இல்லாத குறை தெரியாது.

சிலாங்கூர் சுல்தான்கள் புகிஸ் வம்சத்தினர், இப்போது இந்தோனேசியாவில் இருக்கும் சுலாவெசியிலிருந்து வந்த கடலோடிகள். முதல் சுல்தான் சலேஹுடின். அவர் மகன் இப்ராஹிம் காலத்தில்தான் இந்த மலை சூடாகிறது. 1784இல் மலாக்காவில் இருந்த டச்சுக்காரர்களைப் புகிஸ் தலைவர் ராஜா ஹாஜி முற்றுகையிட்டார், சுல்தான் இப்ராஹிமும் அவர் பக்கம். அந்தச் சண்டையில் ராஜா ஹாஜி கொல்லப்பட்டார். டச்சுக் கப்பற்படைத் தலைவர் வான் பிராம் அதோடு நிற்காமல் அடுத்ததாகச் சிலாங்கூருக்கே வந்தார். ஆகஸ்டில் மலை டச்சுக்காரர் கைக்குப் போனது. பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இருந்த தங்கள் தலைமை ஆளுநர் அல்திங் பெயரை வைத்து அல்திங்ஸ்பர்க் என்று கோட்டைக்குப் பெயரும் சூட்டினார்கள்.

சுல்தான் சரணடையவில்லை. உள்நாட்டு வழியாகப் பகாங் போய், அங்கே ஆட்சி செய்த பெண்டாஹாராவிடம் உதவி வாங்கிக்கொண்டு திரும்பினார். 1785 ஜூனில் கோட்டை மறுபடி அவர் கையில். கடல் பக்கமே கண்ணாக இருந்தவர்களை முதுகுப் பக்கமிருந்து பிடித்துவிட்டார் என்று எங்கள் வாத்தியார் கதை சொல்வார். எந்த அளவுக்குச் சரியோ, மேலே நின்று பார்த்தால் அது நடந்திருக்கக்கூடியதாகத்தான் தோன்றும். டச்சுக்காரர்களும் விடவில்லை, கப்பல்களை நிறுத்தி ஆற்று வாயை அடைத்தார்கள். ஈயம் வெளியே போகாவிட்டால் சுல்தானுக்கு வருமானம் ஏது? 1786இல் உடன்படிக்கை ஆனது. கோட்டையைப் பிடிப்பதைவிட வாயை அடைப்பதுதான் சுலபம் என்று இரண்டு தரப்புக்கும் அப்போது புரிந்திருக்க வேண்டும்.

1871இல் மறுபடி குண்டு விழுந்தது, இம்முறை ஆங்கிலேயர்கள். சிலாங்கூர் ராஜாக்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டிருந்த உள்நாட்டுப் போர்க் காலம் அது. பினாங்கிலிருந்து கிளம்பிய ஒரு கப்பலைக் கொள்ளையடித்தவர்களைத் தேடி வந்த ரினால்டோ என்ற போர்க்கப்பல் மலையைச் சுட்டுத் தள்ளியது. நீங்கள் தேடும் மதில் ஏன் இல்லை என்பதற்கு அதுவும் ஒரு காரணம். சுல்தான்கள் அதற்கு முன்பே லங்காட் பக்கம் போய்விட்டார்கள்.

மலை உச்சியில் வெள்ளையாக நிற்கும் கலங்கரை விளக்கம் இந்தக் கதையில் கடைசியாக வந்தது, 1907இல் ஆங்கிலேயர்கள் கட்டியது. அதற்கும் அல்திங்ஸ்பர்க் என்றுதான் பெயர். கொஞ்ச நாளே கோட்டையை வைத்திருந்த டச்சுக்காரர்களின் பெயரை ஆங்கிலேயர்கள் ஏன் தூக்கி வைத்தார்கள் என்பது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. எங்களுக்கு அந்த விளக்கின் மேல் தனிப் பிரியம் உண்டு. அதே 1907இல்தான் இந்தியக் குடியேற்றக் குழு அமைந்தது. தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கி, அந்தப் பணத்தில் தமிழ்நாட்டு ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுவர ஏற்பாடு. நாகப்பட்டினத்தில் ஏறியவர்கள் பினாங்கைத் தொட்டு, போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் போகும் வழி இந்தக் கரையோரக் கடல்தான். பிற்காலத்து ரஜுலா கப்பலும் அப்படித்தான் போனது. சுல்தான்களின் கதையில் எங்கள் ஆட்களுக்கு இடமில்லை. விளக்குக்குக் கீழே வந்து நின்றால் மட்டும், எங்கள் தாத்தா பாட்டி இருட்டில் இந்த வெளிச்சத்தைப் பார்த்தார்களோ என்று யாராவது ஒருவர் வீட்டில் கேட்டுவிடுவார்கள்.

பிள்ளைகளுக்குப் பிடிப்பது வேறு. தலை வெட்டிய கல் என்று ஒரு தட்டைப் பாறையைக் காட்டுவார்கள். விஷக் கிணறு என்று இன்னொன்று: துரோகிகளை மரப்பாலும் மூங்கில் குருத்துச் சாறும் கலந்த தண்ணீரில் கழுத்தளவு இறக்குவார்களாம், உடம்பெல்லாம் அரித்துப் புண்ணாகுமாம். பால் என்றதும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கித்தா மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, நினைத்துக்கொள்வார்கள். அந்த மரக்கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்ததே 1877இல்தான், அதற்குள் இந்தக் கோட்டையின் காலமே முடிந்துவிட்டது. கதை உண்மையென்றால் அது ஏதோ காட்டு மரத்துப் பாலாகத்தான் இருக்க வேண்டும். கதைதான் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் பிள்ளைகளிடம் அதைச் சொல்லிக் கெடுக்காதீர்கள்.

அரச அடக்கத்தலமும் மலை மேலேயே இருக்கிறது. முதல் மூன்று சுல்தான்கள் அங்கே அடங்கியிருக்கிறார்கள். இது இன்றும் ஆளும் குடும்பத்தின் முன்னோர் இடம், பிள்ளைகள் அங்கே ஓடிப் பிடித்து விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரசர்களுக்கு உரிய நிறம் மஞ்சள், அந்த நிறத் துணியைப் பார்த்தால் ஒதுங்கி நிற்பது மரியாதை. பக்கத்தில் பிறை பார்க்கும் கட்டடம் ஒன்றும் இருக்கிறது, நோன்பு தொடங்கும் போதும் பெருநாளுக்கும் அங்கிருந்து பிறை பார்ப்பார்கள். அருங்காட்சியகம் சின்னது. மழை வந்தால் உள்ளே போங்கள், வராவிட்டால் வெளியே இருப்பதே மேல்.

இனி குரங்குகள். இரண்டு இனம் உண்டு. சாம்பல் நிறத்தில், தலைமயிர் நட்டுக்கொண்டு நிற்பது லோத்தோங், சாது. அதன் குட்டி பிறக்கும்போது பளிச்சென்று செம்மஞ்சளாக இருக்கும். அதைப் பார்த்தால் உங்கள் பிள்ளைகள் கோட்டையையே மறந்துவிடுவார்கள். நீள வால் கொண்ட பழுப்பு நிறக் குரங்கோ அடாவடி, கைப்பையையும் பிளாஸ்டிக் பையையும் தூக்கிக்கொண்டு போய்விடும். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் ஜாக்கிரதை. தீனி போட வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள், பயத்தங்காயைக் கட்டுக்கட்டாக வாங்கி நீட்டுகிறவர்களும் இருப்பார்கள். என் கட்சி, எதுவும் போடக்கூடாது. லோத்தோங் இலை தின்னும் பிராணி. மாட்டுக்கு இருப்பது போல அறை அறையாகப் பிரிந்த வயிற்றில் இலையைப் புளிக்கவைத்துச் செரிப்பது. ரொட்டியும் பிஸ்கட்டும் அதற்கு ஆகாது. எல்லோரும் போடுகிறார்களே என்று உங்கள் மச்சான் சொன்னால் கேட்காதீர்கள்.

போகிற வழியும் பார்க்கத்தக்கதுதான். பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து காரில் அரை மணி நேரம் போல ஆகும், ரோட்டின் இரண்டு பக்கமும் செம்பனை, அதாவது பாமாயில் மரம். தென்னமரம் எஸ்டேட் எங்கே என்று சொந்தக்காரர்களைக் கேளுங்கள், நம் பக்கத்தில்தான். 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டில் வியாபாரத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்ட இடம் அது. அதற்கு முன்பு எல்லாம் ரப்பர் மோகம். இன்று இந்த ஊர்க்காரர்களின் பிழைப்பில் பெரும்பங்கு அந்த மரத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது. சுல்தான்களின் ஈயத்தைப் பற்றிக் கேட்கப் போகிறவர்கள், வழியில் கண்ணில் படும் எண்ணெயையும் கவனித்துவிட்டுப் போவதில் தப்பில்லை.

காலையிலேயே கிளம்பிவிடுங்கள், பதினோரு மணிக்கு மேல் வெயில் பிழிந்துவிடும். இறங்கியதும் எதிர்க்கரையில் பாசிர் பெனாம்பாங் என்ற சீன மீனவர் கிராமம், மீன் நண்டு சாப்பிடுபவர்களுக்கு அதுதான் இடம். சைவம் என்றால் டவுனிலேயே சாப்பிட்டுக்கொள்ளுங்கள். இருட்டும் வரை தங்க முடிந்தால் கம்போங் குவாந்தானில் மின்மினிப் பூச்சி. துடுப்புப் படகில் கூட்டிப்போவார்கள், பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கில் ஒரே தாளத்தில் மின்னும். நிலா வெளிச்சமும் மழையும் இல்லாத ராத்திரியாக இருந்தால் நல்லது. ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது. கல்யாண அசதியில் பிள்ளைகள் தூங்கி வழிந்தால் இதை விட்டுவிடுங்கள், கோட்டையை விட வேண்டாம்.

மாமியார் விஷயம். படியேறித்தான் ஆக வேண்டும் என்றில்லை, மேலே வரை தார் ரோடு உண்டு. சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் காரை மேலே விடமாட்டார்கள், கீழேயிருந்து டிராம் வண்டியில்தான் போக வேண்டும். அதில் ஏற ஒரு படி உயரம் இருக்கும், யாராவது கைகொடுத்தால் போதும். வேலை நாட்களில் காரிலேயே போய் இறங்கலாம், கூட்டமும் குறைவு. கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம், திங்கட்கிழமை போய்விடுங்கள்.