தயிர் உறையவில்லை, மடி மறுபடி கல்லாகிவிட்டது: அடுத்த ஊசி போடலாமா?

தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார்: "எங்கள் சீமை மாட்டுக்கு மடி வீங்கியது. சினை ஊசி போட வருபவரே இரண்டு நாள் ஊசி போட்டார். வீக்கம் வடிந்ததும் விட்டுவிட்டோம். பத்தே நாளில் அதே காம்பு கல்லு மாதிரி ஆகிவிட்டது. 'இதைவிடப் பெரிய ஊசி போட்டால்தான் கேட்கும்' என்கிறார். போடலாமா? ஊசி போட்ட நாட்களில் கறந்த பால் தயிராகவே உறையவில்லை. பேரன் அந்தப் பாலைத்தான் குடித்தான். பயமாக இருக்கிறது."

போட வேண்டாம் அம்மா. முதலில் பால் பரிசோதனை, ஊசி அப்புறம்.

உறைமோரில் இருப்பவையும் கிருமிகள்தான், நமக்கு வேண்டிய கிருமிகள். மாட்டுக்குப் போட்ட ஆன்டிபயாடிக் பாலில் இறங்கி அவற்றைக் கொன்றிருக்கும். காய்ச்சினாலும் அந்த மருந்து முழுதாகப் போகாது. இரண்டு நாள் குடித்ததற்காகப் பேரனை நினைத்துக் கலங்க வேண்டாம். உடம்பில் தடிப்பு கண்டால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக மருந்து உள்ளே போனால், அதற்குச் சாகாத கிருமிகள் குடலில் பெருகும். உங்கள் மாட்டின் மடியிலும் அதுவே நடந்திருக்கலாம்: பலவீனமானவை செத்தன, அரைகுறை வைத்தியத்தில் தப்பியவை இப்போது திரும்பியிருக்கின்றன.

நீங்கள் அனுப்பிய காலி பாட்டில் படத்தைப் பார்த்தேன். செஃப்ட்ரியாக்சோன். டைபாய்டுக்கும் நிமோனியாவுக்கும் மனிதருக்குப் போடுகிற மருந்து. 2014 மார்ச்சிலிருந்து எச்1 பட்டியலில் இருக்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. எழுதிய மருத்துவர், வாங்கியவர் பெயரைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சரி, அந்தப் பதிவேட்டை யார் வந்து புரட்டிப் பார்க்கிறார்கள்? சட்டம் போட்டவர்கள் ஒரு முறையாவது சந்தை நாளில் இங்கே வந்து நின்று பார்க்கட்டும். மனிதருக்கு வேறு எதுவும் கேட்காதபோது கடைசியாக எடுக்கும் கொலிஸ்டினையே கோழிக்கும் மற்றப் பண்ணை விலங்குகளுக்கும் கொடுத்து, 2019-ல்தான் தடை வந்தது. 'பெரிய ஊசி, அதைவிடப் பெரிய ஊசி' என்று போனால் போய்ச் சேரும் இடம் அதுதான்.

உங்கள் ஊர்க்காரர் சினை ஊசியில் கைராசிக்காரராகவே இருக்கட்டும். மடி வைத்தியம் வேறு. இப்படி ஒருவரின் பையை ஒரு கட்டுத்தரையில் திறந்து பார்த்தேன். பாதி தீர்ந்த மூன்று பாட்டில்கள், ஒரே ஒரு சிரிஞ்சு, லேபிள் சாணியில் ஊறி எழுத்தே தெரியவில்லை. மாடு எத்தனை கிலோ இருக்கும் என்று அவர் கேட்கவில்லை. பாலை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. காசை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டார். அவரை நான் மன்னிக்கத் தயாரில்லை.

கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அழையுங்கள், அல்லது அரசு கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். அங்கே மருத்துவர் இடம் காலியாக இருந்தால் அது உங்கள் தப்பில்லை, ஆனாலும் அலைய வேண்டியிருக்கும். அடுத்த ஊசிக்கு முன்பே பால் எடுக்க வேண்டும். கையைக் கழுவி, காம்பு நுனியை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, முதல் நாலு பீய்ச்சலை விட்டுவிட்டு, மருத்துவர் தரும் கிருமி நீக்கிய குப்பியில் பிடியுங்கள். ஐஸ் வைத்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குச் சேர்க்கலாம். எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று இரண்டு மூன்று நாளில் தெரியும். மாட்டுக்குக் காய்ச்சல் அடித்து, தீனி எடுக்கவில்லை என்றால் மருத்துவர் பால் எடுத்த கையோடு வைத்தியத்தைத் தொடங்கிவிடுவார்.

நோய் தெரியாத காம்பிலும் மருந்து ஏற்றுவது ஒரே ஒரு சமயத்தில்தான்: கன்று போட இரண்டு மாதம் முன்பு கறவையை வற்ற விடும்போது. மடிநோய் வந்து போன மாட்டுக்கு அன்று கடைசிக் கறவை முடிந்ததும் காம்புக்குள் ஒரு டியூப் ஏற்றுவார்கள். அது கறவை மாட்டுக்குப் போடும் டியூப் அல்ல, வற்று மாட்டுக்கு என்றே தனியாக வருவது. இதைக் கேள்விப்பட்டுவிட்டு 'வருமுன் காக்க' என்று கறவையிலேயே ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கூடாது. வற்றும் நாளில் மட்டும், மருத்துவர் சொன்னால் மட்டும்.

பால் சொசைட்டியில் கொழுப்பும் எஸ்.என்.எஃப்-உம் (கொழுப்பு நீங்கலான திடச்சத்து) பார்த்துக் காசு போடுகிறார்கள்; மருந்து கலந்திருப்பது அந்த மெஷினுக்குத் தெரியாது. அதற்காக அங்கே கொண்டுபோய் ஊற்றிவிடாதீர்கள், உங்கள் ஒரு கேன் மொத்த டேங்கையும் கெடுக்கும். மருத்துவர் சொல்லும் நாள் வரை நான்கு காம்புப் பாலையும் ஒதுக்குங்கள். கன்றுக்கும் விட வேண்டாம். குழி வெட்டி ஊற்றி மூடிவிடுங்கள்.