ஸ்கேன் நார்மல், தலைவலி மட்டும் போகவில்லை: இன்னொரு ஸ்கேன் எடுக்கணுமா?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. கால்பந்து ஆடும்போது இன்னொரு பெண்ணோடு மோதித் தலையில் அடிபட்டது. மயக்கம் போடவில்லை. சி.டி. ஸ்கேன் நார்மல் என்று அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். 12 நாள் ஆகிறது, தலைவலி விடவில்லை, கொஞ்சம் படித்தாலே கிறுகிறுக்கிறது. ஒரு மாதம் இருட்டறையில் படுக்கவைக்கச் சொல்கிறார் ஒருவர். 'பிரெயின் மேப்பிங்' எடுத்தால்தான் தெரியும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள்.

சி.டி. தேடுவது ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும்தான். அவை இல்லை என்பது நல்ல செய்தி, ஆனால் அடி ஒன்றுமே செய்யவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. கன்கஷன் என்கிற மூளை அதிர்வில் மூளை வேலை செய்கிற விதம் கொஞ்ச நாளைக்குக் குழம்பிப்போகிறது, அது சி.டி. படத்தில் தெரியாது. மயக்கம் போடாததையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கன்கஷன் ஆனவர்களில் பெரும்பாலானோர் நினைவு தப்புவதே இல்லை. என்ன நடந்தது, என்ன தொந்தரவு என்று கேட்டு, நிற்கும் நிதானம், கண் அசைவு, ஞாபகம், கழுத்து எல்லாவற்றையும் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு மெஷின் வேண்டாம், இருபது நிமிடம் வேண்டும். அந்த இருபது நிமிடம்தான் எங்கேயும் கிடைப்பதில்லை. ஸ்கேனுக்கு வரிசையில் நிறுத்துவார்கள், படம் சுத்தமாக இருந்தால் 'ஒன்றுமில்லை, போங்க'. வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் நீங்கள் இத்தனை நாள் தவித்திருக்க மாட்டீர்கள்.

இந்த இடைவெளியில்தான் வியாபாரிகள் நுழைகிறார்கள். மூளையைச் சிவப்பும் பச்சையுமாக வரைந்து காட்டும் அந்த மேப்பிங்கை வைத்து ஒரு தனி ஆளுக்குக் கன்கஷன் இருக்கிறதா, எப்போது ஆறும் என்று சொல்ல முடியாது. அதை உங்களுக்குச் சொன்னவருக்கு அந்த சென்டரில் என்ன கிடைக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். ரத்தப் பரிசோதனை என்று யாராவது வந்தால், அமெரிக்காவில் 2018-ல் அனுமதி பெற்ற ஒன்று நிஜமாகவே இருக்கிறது. ஆனால் அது பெரியவர்களுக்கு, அடிபட்ட 12 மணி நேரத்துக்குள், சி.டி. எடுக்க வேண்டுமா என்று முடிவு செய்ய மட்டும். 12 நாள் கழித்து உங்கள் மகளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அப்புறம் 'மூளைக்குச் சத்து' மாத்திரைகள். சிட்டிகோலின் எழுதிக் கொடுக்காத சீட்டே இல்லை என்று ஆகிவிட்டது. தலைக்காயம் பட்ட 1,200-க்கும் மேற்பட்டவர்களிடம் அதைச் சோதித்துப் பார்த்து, வெற்று மாத்திரையைவிட ஒரு பலனும் இல்லை என்று 2012-லேயே வெளியாகிவிட்டது. சீட்டு எழுதுகிற கை மட்டும் நிற்கவில்லை. வலி மாத்திரையும் வாரத்தில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வேண்டாம், தினமும் போட்டால் அதுவே தலைவலியை இழுத்துக்கொண்டு போகும்.

இருட்டறை பழைய யோசனை. 2015-ல் வெளியான ஓர் ஆய்வில் 5 நாள் முழு ஓய்வில் இருந்த பிள்ளைகள், ஓரிரு நாள் ஓய்வெடுத்தவர்களைவிட அதிகத் தொந்தரவு சொன்னார்கள். முதல் 48 மணி நேரம் அடக்கமாக இருக்க வேண்டும், போனைத் தள்ளி வைக்க வேண்டும். அது உங்களுக்கு எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது அவளை எழுப்பி நடக்கவிடுங்கள். தினமும் 15, 20 நிமிடம் வேக நடை, அல்லது நின்ற இடத்தில் ஓட்டும் சைக்கிள். தலைவலியைப் பத்துக்கு எத்தனை என்று அவளையே கேளுங்கள். நடக்கும்போது இரண்டு புள்ளிக்குள் ஏறி, ஒரு மணி நேரத்துக்குள் இறங்கினால் பரவாயில்லை, அதற்கு மேல் போனால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் வேகத்தைக் குறையுங்கள். 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளிடம் இப்படி அளவாக உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2019-ல் வந்தது: அவர்கள் 13 நாளில் தேறினார்கள், வெறும் ஸ்ட்ரெச்சிங் செய்தவர்களுக்கு 17 நாள் ஆனது. படிப்பும் அதே மாதிரிதான், பத்து நிமிடம் படித்து, நிறுத்தி, மறுபடி. பள்ளிக்கு அரை நாளாவது போகட்டும்.

வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, தலைவலி மணிக்கு மணி ஏறினாலோ, வலிப்பு வந்தாலோ, பேச்சு குழறினாலோ, எழுப்பினால் எழவில்லை என்றாலோ நேராக எமர்ஜென்சி.

உங்கள் மகளுக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்கிறேன், சொல்லாமல் விட முடியவில்லை. வீட்டில் வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கும் பெரியவர் இருந்தால், மேலே நான் சொன்ன 'மெஷின் வேண்டாம்' அவருக்குச் செல்லாது. லேசாக இடித்துக்கொண்டாலும், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும், அன்றைக்கே காட்ட வேண்டும், சி.டி. வேண்டுமா என்று கேட்க வேண்டும். இதயத்துக்குக் கொடுக்கும் குளோபிடோக்ரெல் எடுப்பவருக்கும் இதேதான். வயதானவர்களுக்கு முதல் ஸ்கேன் சுத்தமாக இருந்தும், மெதுவாகக் கசிந்து இரண்டு மூன்று வாரம் கழித்து நடை தடுமாறி வந்து நிற்பதுண்டு. அதை 'வயசாகிவிட்டது' என்று விட்டுவிடுகிறார்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

விளையாட்டு? ஓட்டம், பந்தோடு தனியாகப் பயிற்சி என்று படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் விட்டு ஏறலாம். மோதல் இருக்கிற ஆட்டத்துக்கும் தலையால் பந்தை முட்டுவதற்கும், தொந்தரவு மொத்தமாகப் போய், மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் போக வேண்டும். ஆறுவதற்குள் மறுபடி அடிபட்டால் ரொம்ப நாள் இழுக்கும், அபூர்வமாக உயிருக்கே ஆபத்தாகும். பிள்ளையைப் பார்க்காமலே பிட்னஸ் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள், கோச்சும் வாங்கி ஃபைலில் வைத்துக்கொள்வார். அந்தத் தாளை நம்பி அனுப்பாதீர்கள். இந்த வயதில் நான்கு வாரம் வரை ஆவது சகஜம். அதற்கு மேலும் தொந்தரவு இருந்தால் கழுத்தையும் உட்காதின் சமநிலையையும் சோதிக்கத் தெரிந்த மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ போங்கள், நிறையப் பேருக்கு மீதித் தலைசுற்றல் அங்கிருந்துதான் வருகிறது, அதற்குப் பயிற்சி இருக்கிறது.