கோதே பி1 தேர்வில் வாசிப்புப் பகுதிக்கு 6 வாரத்தில் தயாராவது எப்படி?

கேள்வி: நர்ஸிங் முடித்துவிட்டு, கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ஜெர்மன் வகுப்புக்குப் போய்வருகிறேன். கோதே நிறுவனம் நடத்தும் பி1 (இடைநிலை) ஜெர்மன் தேர்வுக்கு 6 வாரம் இருக்கிறது. மாதிரித் தேர்வில் வாசிப்புப் பகுதி 30-க்கு 16-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. நேரமும் போதவில்லை. என்ன செய்யலாம்?

பதில்:

16 சரி என்றால் நூற்றுக்கு 53 புள்ளி. தேர்ச்சிக்கு 60 வேண்டும், அதாவது 18 விடை. இரண்டே கேள்வி குறைகிறது என்று தேற்றிக்கொள்ளாமல், வீட்டில் 23 வரும்வரை பயிற்சி செய்யுங்கள். தேர்வு அறைப் பதற்றத்தில் மூன்று நான்கு போவது சகஜம்.

முதலில் நேரம். ஐந்து பகுதிகளுக்கும் தாளிலேயே 10, 20, 10, 15, 10 நிமிடம் என்று போட்டிருக்கும். கூட்டினால் சரியாக 65. விடைத்தாளில் குறிப்பதற்கென்று தனி நேரம் கிடையாது, அதுவும் இந்த 65-க்குள்தான். ஆகவே வீட்டில் 58 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். எந்தப் பகுதியிலிருந்தும் தொடங்கலாம் என்பதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. இரண்டாம் பகுதியில் இரண்டு செய்திக் கட்டுரைகள், 6 கேள்விக்கு 20 நிமிடம். மூன்றாம் பகுதியில் விளம்பரங்கள், 7 கேள்விக்கு 10 நிமிடம். எல்லாக் கேள்விக்கும் ஒரே மதிப்புதான். எனவே 1, 3, 5, 4, கடைசியாக 2 என்று போனால் நேரம் தீர்ந்தாலும் இழப்பு குறைவு. தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள், அதனால் எதையும் காலியாக விடாதீர்கள்.

அடுத்தது, வாக்கியத்தின் வால். உங்கள் மதிப்பெண் பெரும்பாலும் இங்கேதான் கசியும் என்பது என் கணிப்பு. தமிழில் "அவர் நாளைக்கு டூட்டிக்கு வர..." என்று நிறுத்தினால் வருவாரா, மாட்டாரா என்று யாரும் சொல்ல முடியாது. ஜெர்மனும் அப்படித்தான். "ஸாக்ட்" (சொல்கிறார்) என்று வினை முன்னால் வந்துவிடும். ஆனால் வாக்கியக் கடைசியில் "அப்" என்று முடிந்தால் சந்திப்பை ரத்து செய்கிறார், "ட்ஸூ" என்று முடிந்தால் வருவதாக ஒப்புக்கொள்கிறார். "நிஷ்ட்" என்ற மறுப்பும் பல வாக்கியங்களில் கடைசியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆங்கிலம் வழியாக ஜெர்மன் படித்தவர்கள் முதல் நான்கு சொல்லிலேயே பொருளை முடிவுசெய்துவிடுகிறார்கள். நீங்கள் தமிழ்க் காதோடு படியுங்கள், முற்றுப்புள்ளி வரும்வரை பொறுங்கள்.

நீளமான கூட்டுச்சொல்லையும் வாலிலிருந்துதான் பிரிக்க வேண்டும். "க்ராங்கன்ஃபெர்ஸிஷெருங்ஸ்கார்ட்டெ" என்று பார்த்ததும் மலைக்காதீர்கள். கடைசியில் கார்ட்டெ, ஆக அது ஓர் அட்டை. என்ன அட்டை? மருத்துவக் காப்பீட்டு அட்டை. தென்னமரத்துக் கீற்று என்றால் கீற்றுதானே.

அதன்பின் எல்லை போடும் சிறு சொற்கள்: நூர் (மட்டும்), எர்ஸ்ட் (அதற்குப் பிறகுதான்), மின்டெஸ்டென்ஸ் (குறைந்தது), ஹோக்ஸ்டென்ஸ் (அதிகபட்சம்), அவ்ஸர் (தவிர), கவும் (அநேகமாக இல்லை), ஃபாஸ்ட் (ஏறக்குறைய; "வேகமாக" என்று எடுத்துக்கொண்டால் போச்சு). ஐந்தாம் பகுதியில் நூலக விதி, விடுதி விதி மாதிரி ஒன்று வரும். அங்கே 4 கேள்வியும் பெரும்பாலும் இந்தச் சொற்களில்தான் நிற்கும். பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே படியுங்கள். "ஷெஃப்" என்பதைச் சமையல்காரர் என்று எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. ஜெர்மனில் அவர் மேலதிகாரி. புதுச்சேரிப் பள்ளிகளில் பிரெஞ்சு படித்த தோழிகள் இதில் ஏமாற மாட்டார்கள்.

கேள்வியில் உள்ள அதே சொல் உரையிலும் கண்ணில் பட்டால் சந்தேகப்படுங்கள். சரியான விடை பெரும்பாலும் வேறு சொல்லில் இருக்கும். உரையில் "இலவசம்" என்றிருந்தால் விடையில் "எதுவும் கட்ட வேண்டியதில்லை" என்று வரும்.

விளம்பரப் பகுதியில் 7 பேர், 10 விளம்பரம். ஒரு விளம்பரத்தை ஒருமுறைதான் எடுக்கலாம், எடுத்துக்காட்டில் போனதை அடித்துவிடுங்கள். ஒருவருக்கு மட்டும் எதுவும் பொருந்தாது, அங்கே 0. ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று நிபந்தனை இருக்கும்: மாலை நேரம், புதிதாகக் கற்பவர், இப்படி. ஒன்றே ஒன்று இடித்தாலும் அந்த விளம்பரம் ஆகாது. நான்காம் பகுதியில் கருத்துகள்: முதல் வரியில் தலையாட்டிவிட்டு "ஆபர்" (ஆனால்) என்று திரும்புவார்கள். திரும்பிய பிறகு சொல்வதுதான் அவர்கள் கருத்து.

6 வாரத்தை இப்படிப் பிரிக்கலாம். கோதே தளத்தில் பி1-க்கு மாதிரித் தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. எல்லாவற்றையும் முதல் வாரமே செய்து தீர்த்துவிடாதீர்கள்; ஒன்றைக் கடைசி வாரத்துக்குப் பிரிக்காமல் வையுங்கள். இடையில் தினமும் ஒரு சிறு கட்டுரை போதும். ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்செ வெல்லெயின் "டாப்-டேமா" கட்டுரைத் தொடர் பி1 நிலைக்கே எழுதப்படுவது. கடலூர்–புதுச்சேரி பஸ்ஸிலேயே ஒன்றை முடித்துவிடலாம். கோதேயின் பி1 சொற்பட்டியலில் சுமார் 2,400 சொற்கள் உள்ளன. மனப்பாடம் செய்ய உட்காராமல், தெரியாததை மட்டும் குறியுங்கள்.

தவறிய ஒவ்வொரு விடைக்கும் ஒரு நோட்டில் காரணம் எழுதுங்கள்: சொல் தெரியவில்லை, சொல் தெரிந்தும் எல்லையைக் கவனிக்கவில்லை, நேரம் இல்லை. இரண்டு வாரத்தில் எது அதிகம் என்று தெரிந்துவிடும். முதல் காரணம் பாதிக்கும் குறைவாக இருந்தால் சொற்பட்டியலை மூடிவிட்டு, பழைய தாள்களையே வட்டம் போட்டு மறுபடி படியுங்கள்.

பி1-இல் வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு நான்கும் தனித்தனி. ஒன்று போனால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். சென்னையில் எழுதுவதாக இருந்தால் முந்தைய நாளே போய்த் தங்கிவிடுங்கள். விடிகாலை பஸ்ஸில் நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து வந்த கண்ணுக்கு "நூர்" தெரியாது. பாஸ்போர்ட் அசலை மறக்காதீர்கள்.