அந்த நாற்காலியைக் கீழே இறக்கு

கேள்வி: எனக்கு 24 வயது. திருச்சியில் தனியார் நிறுவனத்தில் வேலை. ஹெவி மெட்டல் என்றால் உயிர். போன ஜூனில் எலெக்ட்ரிக் கிதாரும் அதன் ஒலியைப் பெருக்கும் 20 வாட் ஆம்பும் வாங்கினேன். தினமும் ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை யூடியூப் பார்த்து வாசிக்கிறேன். ஏழு மாதமாகியும் மெட்டாலிகா குழுவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பாட்டு பாதி வேகத்தில்கூட வரவில்லை. விரல் நுனி எரிகிறது. என் விரல்களும் குட்டை. ஆம்பில் சத்தத்தைக் கரகரப்பாக்கும் கெயினை முழுசாக வைத்தால் சுமாராகக் கேட்கிறது, குறைத்தால் கேவலம். அப்பா 'இரைச்சல்' என்று திட்டுகிறார். வீட்டில் ஒரு ஹாலும் ஒரே ஒரு அறையும்தான். தங்கை பிளஸ் டூ. மொட்டைமாடியில் படித்துக்கொள்வாள், அவளுக்குப் பிரச்சினை இல்லை. இந்த வயதில் தொடங்கியது தப்பா? சத்தத்தை மாற்றும் நல்ல பெடல் வாங்கினால் சரியாகுமா?
பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: என் மகனைவிடச் சின்னவன் நீ, அதனால் ஒருமையிலேயே எழுதுகிறேன். 24 எல்லாம் ஒரு வயதா, முயன்றால் முடியும் என்று ஆரம்பிப்பேன் எனக் காத்திருப்பாய். அதை எழுதி எழுதி எனக்கே சலித்துவிட்டது. கிதார், கீபோர்டு, வயலின் என்று கருவிதான் மாறுகிறது, கடிதம் ஒன்றுதான். உன் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு. 'அவளுக்குப் பிரச்சினை இல்லை.'

யார் சொன்னது? அவளா, நீயா?

ஜூனில் வாங்கியிருக்கிறாய். அப்படியென்றால் ஐப்பசியும் கார்த்திகையும் நடுவில் வந்து போயிருக்கின்றன. மழை கொட்டிய சாயங்காலங்களில் உன் தங்கை எங்கே உட்கார்ந்து படித்தாள்? மாடிப்படியிலா, பக்கத்து வீட்டிலா? ஏழு மணிக்கு மேல் மொட்டைமாடியில் என்ன வெளிச்சம் இருக்கும்? விரல் எரிச்சலுக்கு ஒரு வரி, விரல் நீளத்துக்கு ஒரு வரி எழுதத் தெரிந்த உனக்கு, மார்ச்சில் பொதுத்தேர்வுக்குப் போகிறவளுக்கு அரை வரிதான் மிஞ்சியதா?

எனக்குக் கோபம் வரக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் அண்ணன் தபேலா கற்றுக்கொண்டான். கூடத்தில் அவன் தட்டுவான். நான் சமையலறையில் அரிசி டின் மேல் நோட்டை வைத்துக் கணக்குப் போடுவேன். "உனக்கு ஒண்ணும் தொந்தரவில்லையே?" என்று அம்மா ஒருமுறை கேட்டார். இல்லை என்றேன். பொய். அந்த வீட்டில் வேறு பதில் சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஒன்றரை வருஷத்தில் தபேலா பரணுக்குப் போனது. என் கணக்கு மார்க் இறங்கியது இறங்கியதுதான்.

உன் அப்பாவையும் விடமாட்டேன். மகன் எழுப்பும் சத்தம் காதில் விழுகிறது, மகள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடியேறுவது கண்ணில் படவில்லை. அவரிடம் போய்ச் சண்டை போடச் சொல்லவில்லை. வீட்டில் மூத்தவன் நீ. இருப்பது ஒரே அறை என்றால் அது பரீட்சை எழுதுகிறவளுக்கு. இதில் பேச்சுக்கே இடமில்லை.

சரி, கிதாருக்கு வருகிறேன். கெயினைக் குறைத்தால் கேவலமாக இருக்கிறது என்கிறாயே, அந்தக் கேவலம்தான் உன் வாசிப்பு. கெயின் ஏற ஏற, மெல்லத் தட்டியதும் ஓங்கித் தட்டியதும் ஒரே சத்தமாகிவிடும். ஒரு தட்டு முந்தியதும் இன்னொன்று பிந்தியதும் அந்தக் குழம்பில் கரைந்துபோகும். பெடல் வாங்கினால் குழம்பு இன்னும் கெட்டியாகும், அவ்வளவுதான். காசைப் பத்திரமாக வை.

கேபிளைப் பிடுங்கிவிட்டு வாசி. செருகாத எலெக்ட்ரிக் கிதார் பக்கத்தில் இருப்பவரைத் தாண்டிக் கேட்காது. வலது உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க ஓரத்தை, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை விட்டு அவை கிளம்புகிற இடத்தில் லேசாக வை. கை முன்னால் நகர்ந்தால் சுரமே செத்துவிடும். பின்னால் போனால் கம்பி கணகணக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு நூலிழை இடத்தில் 'ஜக், ஜக்' என்று அடங்கி வரும். மெட்டலில் பாதி அந்த 'ஜக்'தான். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வைத்து, தடித்த ஆறாவது கம்பி மட்டும், எல்லாத் தட்டும் கீழ்நோக்கி. ஒரு வாரத்துக்கு வேறெதுவும் வேண்டாம். அப்புறம் இரண்டு சுரத்தைச் சேர்த்து அடிக்கும் இரண்டு விரல் பவர் கார்டு. ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் சாய்த்துப் படுக்கவைத்தால் வேண்டாத கம்பிகள் வாயைத் திறக்காது. நீ கேட்கிற பாட்டு 1986-இல் வந்தது. அதன் வேகம் மெட்ரோனோமில் 200-ஐத் தாண்டும். மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் அதைப் பெரும்பாலும் கீழ்த்தட்டிலேயே வாசிப்பார். சரளிவரிசை முடிக்காதவன் பல்லவி வரவில்லையே என்று அழலாமா?

விரல் குட்டை என்ற பேச்சை இனி எடுக்காதே. இங்கிலாந்தில் பர்மிங்காம் ஊரில் டோனி அயோமி என்று ஒரு பையன், 17 வயது, உலோகப் பட்டறை வேலை. 1965-இல், வேலையை விடுகிற கடைசி நாளன்று, வராத ஒருவருக்குப் பதிலாக இயந்திரத்தில் நின்றான். வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டுக்கும் நுனி போனது. அவன் இடது கைக்காரன். கம்பியை அழுத்துவதே அந்த வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, அதன்மேல் தோல் ஒட்டி, மெல்லிய கம்பி மாட்டி, பிற்பாடு சுருதியையும் இறக்கிக்கொண்டு வாசித்தார். 1970-இல் அவருடைய குழுவான பிளாக் சாபத்தின் முதல் ஆல்பம் வந்தது. நீ உயிர் என்கிறாயே, அந்த இசை அந்தக் கையிலிருந்து வந்தது. விரல் நுனி போன அன்று மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர் திரும்பப் போகமாட்டேன் என்றாராம். கடைசி நாளையும் ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அனுப்பியது அவருடைய அம்மா. அந்தத் தாயை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. ஆனாலும் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

நுனி எரிச்சலுக்கு மருந்து கிடையாது. கிதார் கழுத்தில் குறுக்கே இருக்கும் உலோகப் பட்டையை, அதாவது ஃப்ரெட்டை ஒட்டி அழுத்து, குறைந்த பலம் போதும். தோல் தானாகத் தடிக்கும்.

இன்றைக்கே அந்த நாற்காலியைக் கீழே இறக்கு. "வேணும்னா கீழ வந்து படி" என்று வாயால் சொல்லிவிட்டு நிற்காதே. "பரவால்லண்ணா" என்பாள், நீயும் நிம்மதியாக ஆம்பைப் போட்டுவிடுவாய். நீயே மாடியேறிப் புத்தகங்களை எடுத்து வந்து அறையில் வை, விளக்கைப் போட்டு, கதவைச் சாத்திவிட்டு வா. பரீட்சை முடிகிறவரை நீ மொட்டைமாடியில் வாசி. செருகாத கிதாருக்குக் கரண்ட் வேண்டாம், ஆறாவது கம்பியைத் தட்டப் பெரிய வெளிச்சமும் வேண்டாம். கொசுவத்தி மட்டும் எடுத்துக்கொண்டு போ. எந்த மூலையில் கொசு குறைவு என்று தங்கையைக் கேள், அவளுக்குத் தெரிந்திருக்கும்.